மோட்டார் எஞ்சின் கிளம்பத் தாமதிப்பது ஏன்?

பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் குறையைக் கண்டறியும் முறை

சாவியைத் திருப்பிய ஒன்றிரண்டு விநாடிகளில் மோட்டார் காரின் எஞ்சின் கிளம்பிவிட வேண்டும். ஆண்டுகள் பல கடந்த வண்டிகளிலோ, ஸ்டார்ட்டர் மோட்டார் ஐந்து அல்லது பத்து விநாடிகள் சுழன்ற பின்னரே எஞ்சின் உயிர் பெறுவதைக் காணலாம். எப்படியோ கிளம்பிவிடுகிறது என்பதால் இக்குறையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பின்னர் ஒரு நாள், ஆளரவமற்ற மலைப்பாதையிலோ, இரவில் நோயாளியை ஏற்றிச் செல்லவேண்டிய வேளையிலோ, அதே வண்டி அறவே கிளம்ப மறுக்கிறது. பல வாரங்களாக அது தந்துவந்த முன்னறிவிப்பு வீணாயிற்று என்பது அப்போதுதான் புலனாகிறது.

குறையைக் கவனிப்பவர்களும் பெரும்பாலும் ஒரு தவறான வழியை மேற்கொள்கின்றனர். முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுகின்றனர். பிறகு பாட்டரியை மாற்றுகின்றனர். அதன் பின்னர் பெட்ரோல் பம்பை மாற்றுகின்றனர். பணம் செலவாகிறதேயன்றிக் குறை நீங்குவதில்லை. நோயின் காரணத்தை அறியாமல் மருந்து மாற்றி மருந்து கொடுப்பதைப் போன்றதே இது. எஞ்சின் கிளம்பத் தாமதிப்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. முறையான சில கேள்விகளை வரிசையாகக் கேட்டு, காதாலும் கண்ணாலும் கடிகாரத்தாலும் விடை கண்டால், எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னரே குறை இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் குறுக்கிவிட முடியும்.

கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்டருக்கு

1983-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரில் கார்புரேட்டரே அமைந்திருந்தது. எஞ்சின் உறிஞ்சும் காற்று கார்புரேட்டரின் குறுகிய வழியே விரையும்போது, பெட்ரோல் தானாக அதனுடன் கலந்து சென்றது. குளிர்ந்த காலையில் 'சோக்' குமிழை இழுத்து, ஓட்டுநரே கலவையில் பெட்ரோலின் பங்கை உயர்த்தினார்.

1999-இல் உச்ச நீதிமன்றம், தலைநகர் தில்லிப் பகுதியில் பதிவாகும் தனியார் கார்கள் 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து யூரோ 2 புகை வரம்புக்கு உட்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு நிகரான பாரத் ஸ்டேஜ் 2 விதி 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. இவ்வரம்புகளை எட்டுவதற்குப் பெட்ரோலைத் துல்லியமாக அளந்து செலுத்த வேண்டியிருந்ததால், கார்புரேட்டர் விடைபெற்று இன்ஜெக்‌ஷன் முறை பரவியது. மாருதி 800 காரும் 2000-இல் இம்முறைக்கு மாறியது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அக்காலத்தில் உருவான பல வகை இன்ஜெக்‌ஷன் கார்கள் இப்போது முதுமையை எட்டிவிட்டன.

இம்முறையில் பெட்ரோல் டாங்கியினுள் உள்ள மின்சாரப் பம்பு, பெட்ரோலை அழுத்தத்துடன் எஞ்சினுக்கு அனுப்புகிறது. பல கார்களில் இவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 முதல் 3 கிலோகிராம் வரை இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் உண்டு. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆணையிடும்போது இன்ஜெக்டர் ஒரு விநாடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து, பெட்ரோலை நுண்துளிகளாகத் தூவுகிறது. 'சோக்' குமிழின் வேலையையும் கட்டுப்பாட்டுப் பெட்டியே செய்கிறது. எஞ்சினின் உஷ்ணநிலை, தண்டின் சுழற்சி, காற்றின் அளவு ஆகியவற்றைச் சென்சார்கள் அதற்குத் தெரிவிக்கின்றன.

ஆகவே எஞ்சின் கிளம்புவதற்கு நான்கு தேவைகள் உள்ளன: போதிய வேகத்தில் சுழற்சி, போதிய அழுத்தத்தில் பெட்ரோல், போதிய காற்று, உரிய நேரத்தில் தீப்பொறி. இவற்றுள் எது தாமதிக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஆய்வின் நோக்கம்.

முதற்கேள்வி: சுழற்சி மந்தமா, எரிதல் தாமதமா?

சாவியைத் திருப்பும்போது எழும் ஒலியைக் கூர்ந்து கேட்க வேண்டும். சுழற்சி தளர்ந்து, ஒவ்வொரு சுற்றும் முனகலுடன் நிகழ்ந்தால், குறை மின்சாரப் பகுதியில் உள்ளது. சுழற்சி விரைவாகவும் சீராகவும் இருந்தும் எஞ்சின் எரியத் தொடங்கவில்லையென்றால், குறை பெட்ரோலிலோ காற்றிலோ தீப்பொறியிலோ உள்ளது. சுழற்சி வழக்கத்தைவிட எளிதாகவும் விரைவாகவும் தோன்றினால், சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருக்கலாம். தேய்ந்த வளையங்களும் சரியாக மூடாத வால்வுகளும் அதற்குக் காரணமாகும்.

இரு குறைகளையும் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதே பல வீண் செலவுகளுக்குத் தொடக்கமாகிறது.

பாட்டரியும் கம்பிகளும்

சுழற்சி நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் பாட்டரியை முதலில் சோதிப்பது நலம். பாட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட்டர் மட்டுமன்றிப் பெட்ரோல் பம்பும், இன்ஜெக்டர்களும், தீப்பொறியும் ஒருங்கே தளர்கின்றன. அந்நிலையில் மற்றச் சோதனைகளின் முடிவுகளை நம்ப இயலாது.

வண்டி இரவு முழுவதும் நின்ற பின் மல்டிமீட்டரால் அளந்தால், நன்கு மின்னேற்றம் பெற்ற பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்பது ஏறக்குறையப் பாதி மின்னேற்றத்தைக் குறிக்கும். பிறகு பெட்ரோல் பம்பின் ரிலேயையோ பியூசையோ எடுத்துவிட்டு, எஞ்சின் எரியாதபடி ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுழற்றி அளக்க வேண்டும். அப்போது வோல்ட்டு அளவு 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரி தகுதி இழந்துவிட்டது, அல்லது அதற்கு மின்னேற்றம் போதவில்லை எனக் கொள்ளலாம்.

பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் சுழற்சி மந்தமாயின், முனைகளையும் கம்பிகளையும் ஐயுற வேண்டும். பள்ளியில் கற்பிக்கப்படும் ஓம் விதி இங்கு நேரடியாகப் பயன்படுகிறது. சிறிய காரின் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதாகக் கொள்வோமானால், பாசி படிந்த ஒரு முனையில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் 1.5 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். சாதாரண ஓம் மீட்டர் இவ்வளவு சிறிய தடையைச் சரிவரக் காட்டாது. ஆகவே ஸ்டார்ட்டர் சுழலும்போதே கம்பியின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டு இழப்பை அளக்க வேண்டும். அது அரை வோல்ட்டைத் தாண்டினால் அக்கம்பியோ இணைப்போ குறையுடையது. எஞ்சினை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியை மறந்துவிடலாகாது. இவையனைத்தும் சரியாக இருந்தால், எஞ்சியிருப்பது ஸ்டார்ட்டர் மோட்டாரே.

இரண்டாம் கேள்வி: குளிர்ந்த நிலையிலா, சூடான நிலையிலா?

சுழற்சி நன்றாக இருக்குமானால், தாமதம் எப்போது நேர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் முதன்முறை கிளப்பும்போது மட்டுமா? ஓடிய வண்டியை நிறுத்திக் கால்மணி, அரைமணி கழித்துக் கிளப்பும்போதா? எல்லா வேளையிலுமா? இம்மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களைச் சுட்டுகின்றன.

இரவில் வடியும் அழுத்தம்

காலையில் மட்டும் தாமதிக்கும் பழைய கார்களில் மிகுதியாகக் காணப்படும் காரணம் பெட்ரோல் அழுத்தம் வடிந்துபோவதாகும். கிணற்றுப் பம்புசெட்டை இயக்கும் விவசாயி இதை எளிதில் உணர்வார். ஃபுட் வால்வு கசிந்தால் குழாயிலுள்ள நீர் இரவில் இறங்கிவிடுகிறது. காலையில் மறுபடியும் நீர் ஊற்றினாலன்றிப் பம்பு நீர் எடுப்பதில்லை. காரின் பெட்ரோல் பம்பிலும் பெட்ரோல் திரும்பிச் செல்லாமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் நின்ற பின்னரும் குழாயில் அழுத்தம் நிலைத்திருக்கச் செய்வது அதன் பணி. அது தேய்ந்தால், காலையில் ஸ்டார்ட்டர் சுழலும்போது பம்பு முதலிலிருந்து அழுத்தத்தைக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. அத்தனை நேரமும் எஞ்சின் எரிவதில்லை.

இதை எக்கருவியுமின்றிச் சோதிக்கலாம். பெரும்பாலான இத்தகைய கார்களில், ஸ்டார்ட்டரைச் சுழற்றாமல் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பம்பு இரண்டு, மூன்று விநாடிகள் ஓடி நிற்கும். பின் இருக்கைப் பக்கமிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். சாவியை மீண்டும் 'ஆஃப்' செய்து, பத்து விநாடிகள் பொறுத்து, இவ்வாறே மூன்று முறை செய்ய வேண்டும். அதன் பிறகு எஞ்சினைக் கிளப்பினால், வழக்கமாக ஆறு விநாடிகள் தாமதிக்கும் எஞ்சின் ஒரே விநாடியில் கிளம்புகிறதா என்று கவனிக்க வேண்டும். கிளம்பினால், அழுத்தம் வடிகிறது என்பது ஏறக்குறைய உறுதி. மறுநாள் இச்செயலின்றிக் கிளப்பிப் பார்த்து, இரு நாட்களின் நேரத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு நாள் முடிவைக்கொண்டு தீர்ப்பு வழங்குதல் தகாது. நான்கைந்து நாட்கள் மாற்றி மாற்றிச் சோதித்தால் ஐயம் நீங்கும். ரீங்காரமே கேட்கவில்லையென்றால் பியூஸ், ரிலே, பம்பு ஆகியவற்றை அவ்வரிசையில் பார்க்க வேண்டும்.

அழுத்தம் வடிவதாகத் தெரிந்த உடனே பம்பை மாற்றிவிடலாகாது. வடிவதற்கு மூன்று வழிகள் உள்ளன: பம்பின் வால்வு, அழுத்தத்தைச் சீர்செய்யும் ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர். எஞ்சினருகே ரெகுலேட்டர் அமைந்த கார்களில், அதனோடு இணைந்த மெல்லிய வாக்குவம் குழாயைக் கழற்றிப் பார்த்தால் போதும். அதில் பெட்ரோல் ஈரமிருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்துள்ளது. இன்ஜெக்டர் கசிந்தால் காலையில் முதற்புகை கருத்து, பெட்ரோல் நெடி வீசும். இவ்விரு அடையாளங்களும் இல்லாதபோது பம்பின் வால்வை ஐயுறுவது பொருத்தம். பயிற்சி பெற்ற மெக்கானிக் அழுத்தமானியைப் பொருத்தி இதை உறுதி செய்வார். எஞ்சினை நிறுத்திய பின் அழுத்தம் சிறிது குறைவது இயல்பு. சில நிமிடங்களில் பூஜ்யத்தை எட்டுவது இயல்பன்று.

சூடான எஞ்சினும் பிரஷர் குக்கரும்

எஞ்சின் ஓடும்போது நீரோட்டமும் காற்றோட்டமும் அதன் வெப்பத்தை அகற்றிக்கொண்டிருக்கின்றன. நிறுத்தியவுடன் இரண்டும் நின்றுவிடுவதால், மேற்பகுதியிலுள்ள பெட்ரோல் குழாய் சிறிது நேரத்திற்கு மேலும் சூடேறுகிறது. பெட்ரோலிலுள்ள இலேசான பகுதிகள் சாதாரணக் காற்றழுத்தத்தில் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பிரஷர் குக்கரில் அழுத்தம் மிகுவதால் நீரின் கொதிநிலை உயர்வதைப் போலவே, குழாயில் தேங்கிய அழுத்தம் பெட்ரோலைக் கொதிக்கவிடாமல் காக்கிறது. அழுத்தம் வடிந்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் நிறைந்துவிடும். இன்ஜெக்டர் திறந்தாலும் பெட்ரோலுக்குப் பதிலாக ஆவியே வெளிவரும்.

எனவே, நிறுத்திய உடனே கிளப்பினால் நன்கு கிளம்பி, அரைமணி கழித்துக் கிளப்பும்போது திணறி, பல மணி நேரம் குளிர்ந்த பின் மீண்டும் ஓரளவு எளிதாகக் கிளம்பும் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தையே முதலில் ஆராய வேண்டும். மேற்சொன்ன சாவிச் சோதனை இங்கும் பயன்படும்.

பொய்ச்செய்தி தரும் சென்சார்

குளிரூட்டும் நீரின் உஷ்ணநிலையை அறிவிக்கும் சென்சார் தவறினால், கட்டுப்பாட்டுப் பெட்டி தவறான கணக்கைப் போடும். குளிர்ந்த எஞ்சினைச் சூடானதென்று சென்சார் அறிவித்தால், பெட்ரோல் போதாமல் காலையில் எஞ்சின் திணறும். சூடான எஞ்சினைக் குளிர்ந்ததென்று அறிவித்தால், பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் பிளக்குகள் நனையும்.

இச்சென்சாரின் மின்தடை உஷ்ணம் ஏறும்போது குறையும் இயல்புடையது. பல வண்டிகளில் 20 டிகிரி செல்சியசில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். வண்டிக்குரிய கையேட்டின் எண்களே முடிவானவை.

ஆசிரியர்கள் இதை வகுப்பறையில் எளிதாகச் செய்து காட்டலாம். பழைய சென்சார் ஒன்றைப் பீக்கரிலுள்ள நீரில், மின்முனைகள் நனையாதபடி தொங்கவிட்டு, அருகில் வெப்பமானியை வைத்து, நீரை மெல்லச் சூடாக்க வேண்டும். பத்து டிகிரிக்கு ஒருமுறை தடையை அளந்து வரைபடம் வரைந்தால், நேர்கோட்டுக்கு மாறாகச் சரியும் வளைகோடு கிடைக்கும். உலோகக் கம்பியின் தடை உஷ்ணத்தால் மிகுவதையும், குறைகடத்தியின் தடை குறைவதையும் மாணவர்கள் ஒப்பிட்டுணர இது சிறந்த வாய்ப்பாகும். வளைகோட்டில் திடீரெனத் தாவும் புள்ளி இருப்பின், அது கழிக்கப்பட வேண்டிய சென்சார்.

ஆக்சிலேட்டர் மிதி கூறும் செய்தி

இன்ஜெக்‌ஷன் காரைக் கிளப்பும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கத் தேவையில்லை. சற்றே மிதித்தால்தான் கிளம்புகிறது என்ற நிலை ஏற்பட்டால், எஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்பது பொருள். திராட்டில் வாயிலிலும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றை அனுப்பும் வால்விலும் கரி படிந்திருக்கும். உரிய கரைப்பானால் துடைத்தாலே பல வண்டிகளில் குறை தீர்ந்துவிடும்.

இதற்கு மாறாக, மிதியை முழுவதும் அழுத்திப் பிடித்தால் மட்டும் கிளம்புமானால், சிலிண்டர்களில் பெட்ரோல் மிகுந்து கிடக்கிறது என்று அறியலாம். மிதி முழுவதும் அழுந்தியிருக்கையில், பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கிளப்பும் வேளையில் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் செலுத்தும் வகையில் அமைந்துள்ளன. கசியும் இன்ஜெக்டரும், பொய்ச்செய்தி தரும் உஷ்ணநிலைச் சென்சாரும் இங்கு முதன்மையான ஐயத்திற்குரியவை.

எல்லா வேளையிலும் தாமதம் நேர்ந்தால், தேய்ந்த பிளக்குகள், அடைபட்ட பெட்ரோல் பில்டர், தளர்ந்த பம்பு, தண்டின் சுழற்சியை உணரும் சென்சார் ஆகியவற்றை ஆராய வேண்டும். காந்தச் சுருளால் அமைந்த சுழற்சிச் சென்சார், தண்டு மெதுவாகச் சுழலும்போது மிகச் சிறிய மின்னழுத்தத்தையே தரும். அதன் முனையில் இரும்புத்தூள் படிந்தாலோ, இடைவெளி மிகுந்தாலோ, தண்டு சுழல்வதையே கட்டுப்பாட்டுப் பெட்டி சில விநாடிகள் உணராது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. ஒரே அளவு காற்றோடு முழுமையாக எரிவதற்கு எத்தனால் மிகுதியாகவும் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் ஆக்சிஜன் சென்சார் இன்னும் இயங்கத் தொடங்கியிராததால், பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி இவ்வேறுபாட்டைத் திருத்த இயலாது. பிற பாகங்கள் நன்றாக உள்ள வண்டியில் இதனால் நேரும் தாமதம் சிறிதே. ஏற்கெனவே தளர்ந்த வண்டியில் அது குறையைப் பெரிதாக்கிக் காட்டக்கூடும். எத்தனாலுக்கென வகுக்கப்படாத பழைய ரப்பர்க் குழாய்கள் இளகவோ வெடிக்கவோ செய்கின்றனவா என்று அவ்வப்போது பார்ப்பது அவசியம்.

விளக்கு எரியாதது நற்சான்று ஆகாது

முகப்புப் பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று அமைதி கொள்வோர் உண்டு. அவ்விளக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டி மின்வழியே உணரக்கூடிய குறைகளை மட்டுமே அறிவிக்கிறது. இத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே இல்லை. இரவெல்லாம் அழுத்தம் வடிந்தாலும் விளக்கு எரியாது. கருவி காணாததை மனிதரின் கவனமே காண வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பு

ஸ்டார்ட்டரை ஒரே தடவையில் பத்து விநாடிகளுக்கு மேல் சுழற்றலாகாது; இடையே அரை நிமிடமேனும் ஓய்வளிக்க வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள காட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைந்து அங்கே எரிந்தால், விலைமிக்க அப்பாகம் உருகிப் பழுதாகும். பெட்ரோல் குழாயில் அழுத்தம் தேங்கியிருப்பதால், அதை முறைப்படி தணிக்காமல் இணைப்புகளைத் தளர்த்தக் கூடாது. பீறிடும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுந்தால் தீப்பற்றும். அழுத்தமானி பொருத்துவதும் பம்பைக் கழற்றுவதும் மெக்கானிக்கின் பணியாகவே இருக்கட்டும். மின்னேற்றம் பெறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவதால், அதன் அருகே நெருப்பு கூடாது.

ஒரு சிறு குறிப்பேடு

வண்டியில் ஒரு குறிப்பேட்டை வைத்து, தேதி, எஞ்சினின் நிலை, நின்றிருந்த நேரம், கிளம்ப எடுத்த விநாடிகள், செய்த மாற்றம் ஆகிய ஐந்தையும் ஒரு வாரம் எழுதிவருவது பெரும்பயன் தரும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்பது இதில் தவறவிடக் கூடாத விதி. பிளக்கையும் பில்டரையும் ஒரே நாளில் மாற்றியவர், குறை நீங்கினாலும், எதனால் நீங்கியது என்பதை அறியமாட்டார். குறை திரும்பி வந்தால் அவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டும்.

இக்குறிப்பேட்டுடன் ஒர்க்‌ஷாப்புக்குச் செல்பவர், 'வண்டி சரியாக ஸ்டார்ட் ஆவதில்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. 'சுழற்சி நன்றாக உள்ளது; காலையில் மட்டும் ஆறு விநாடி தாமதம்; சாவியை மூன்று முறை திருப்பிய பின் ஒரு விநாடியில் கிளம்புகிறது; ரெகுலேட்டர் குழாயில் ஈரமில்லை' என்று அவரால் கூற முடியும். இந்நான்கு செய்திகளைப் பெற்ற மெக்கானிக், எவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்த வேண்டும் என்பதை அக்கணமே அறிந்துகொள்வார்.